சுவடி எழுத்தும் விளையாட்டு எழுத்துருவும்: ‘பரல் – பால்’ மயக்கத்தை முன்வைத்து

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தோர் எதிர்கொண்ட முதல் இடர் எழுத்து மயக்கமாகும். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடா; ரகரமும் ஆகாரக் காலும் ஒரே வடிவின. ஆகவே, ‘பரல்’, ‘பால்’ என்னும் இரு சொற்களும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றும். மாணிக்கப் பரலா, முத்துப் பரலா என்பதே மதுரை எரிந்த காப்பியத்தின் வழக்காதலின், இம்மயக்கம் சிறிதன்று. பதிப்பாசிரியர்கள் கடந்துவந்த இவ்விடர், கையால் வரைந்தாற்போன்ற இன்றைய தலைப்பு எழுத்துருக்களில் மீண்டும் தோன்றக்கூடும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இவ்வகையில் இரண்டு எழுத்துருக்கள் கருதத்தக்கன. ஒன்று, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’. சாய்ந்த கையெழுத்துப் பாங்குடையது. மற்றொன்று, ஏக் டைப் நிறுவனத்திற்காக ஆதர்ஷ் ராஜன் வடிவமைத்த ‘பலூ தம்பி’. தடித்து உருண்ட, குறும்பு தோன்றும் வடிவினது. இரண்டும் திறந்த உரிமத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பலூ குடும்பத்தில் பெரும்பாலான மொழிகளுக்கு, அவ்வம்மொழிக்குரிய உடன்பிறப்புப் பெயரே எழுத்துருவின் பெயராயிற்று. தெலுங்கிற்குத் ‘தம்முடு’, கன்னடத்திற்குத் ‘தம்ம’, மலையாளத்திற்குச் ‘சேட்டன்’. திராவிட ஒப்பியலார் புன்முறுவலுடன் குறித்துக்கொள்ளத்தக்க வரிசை இது.

அச்செழுத்தில் ரகரத்தின் அடியில் இறங்கும் சாய்கோடே அதனைக் காலினின்று பிரிக்கிறது. ர், ரி ஆகியவற்றில் அச்சாய்கோட்டை விட்டெழுதும் வழக்கமும் உண்டு. காலின்மேல் புள்ளியும் மேல்விலங்கும் வாராமையின் ஆங்கு மயக்கமில்லை. உயிர்மெய் ரகரத்திற்கோ அச்சிறு கோடு இன்றியமையாதது. விளையாட்டு எழுத்துருவின் இயல்பு முனைகளை மழுக்கி வளைப்பதாகும். கோடு தடிக்குந்தோறும் சாய்கோடு குறுகும், புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டும், ணகரத்தின் சுழிகளுக்குள் வெள்ளிடம் அடைபடும். வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்துத் தந்த வேறுபாடும் அச்சுழி அடைபட்டால் பயனிழக்கும்.

எனவே, இத்தகைய எழுத்துருவைத் தேர்வோர் பரல்/பால், பல/பல், தென்/தேன், கொடு/கோடு ஆகிய இணைகளைப் பயன்படுத்தும் அளவிலேயே அச்சிட்டு நோக்குதல் தகும். நூற்பெயர், சிறுவர் நூலட்டை, கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றிற்கு இவை பொருந்தும். ஆய்வேட்டின் உள்ளுரைக்குப் பொருந்தா. ‘பால்’ எனப் பலகையில் எழுதிய கடையில் எவரும் பரல் கேளார். சூழல் பொருளை உணர்த்திவிடும். நூலட்டையில் வரும் அருஞ்சொல்லுக்கோ அத்துணை இல்லை.

திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் தூரிகையால் எழுதிய பலகைகளையும் கணினியில் அச்சிட்ட பதாகைகளையும் அடுத்தடுத்துக் காணலாம். தூரிகை எழுத்தர் இடம் போதாதபோது எழுத்தைக் குறுக்குவார். ரகரத்தின் சாய்கோட்டை மட்டும் நீட்டியே இழுப்பார். அவரிடம் காரணம் வினவியபோது, “இல்லைன்னா கால்னு படிச்சிருவாங்க சார்” என்றார்.