செக்கண்டரி ஐந்துக்குப் பிறகு: பந்தாடும் ஒரு தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வரும் ஜூனில் செக்கண்டரி ஐந்து முடிகிறது, பிறகு கூடைப்பந்தோடு எங்கே போவது என்று கேட்டு எழுதியிருந்தாய். பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்யும் அமெரிக்கப் பிரெப் பள்ளியொன்று பெருந்தொகை கேட்டு உன்னை அழைக்கிறது. கோச் சீஜெப்பில் சேரச் சொல்கிறார். அப்பாவோ விளையாடியது காணும், இனிப் படிப்பைப் பார் என்கிறார். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொன்றியலிலேயே நில், சீஜெப்புக்குப் போ. உன் கையில் இருக்கும் பெரிய சொத்து காலம். அவசரப்பட்டு அதை விற்றுவிடாதே.

ஒன்ராறியோவில் இருக்கும் உன் மச்சான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேரே பல்கலைக்கழகம் போகிறான். கியூபெக்கில் நாம் பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டு வெளியேறுகிறோம். 1967இலிருந்து பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் சீஜெப் என்ற கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழகம் போக நினைப்பவர்களுக்கு இரண்டு வருடம், தொழில்நுட்பக் கற்கைக்கு மூன்று வருடம். முழுநேரம் படிக்கும் கியூபெக் பிள்ளை கற்கைக் கட்டணம் கட்டத் தேவையில்லை, சில சில்லறைக் கட்டணங்கள் மட்டும்தான். பதினேழுக்கும் இருபதுக்கும் இடையில்தான் ஒரு பையனின் தோளும் தொடையும் வளர்ந்த ஆண்களோடு மோதும் பலத்தைப் பெறுகின்றன. பிரெப் பள்ளி உன் அப்பாவிடம் விற்கப் பார்ப்பது அந்த ஒன்றிரண்டு வருடங்களைத்தான். இங்கே அவை வீட்டுச் சாப்பாட்டோடும் பட்டயத்தோடும் உனக்குக் கிடைக்கின்றன.

ஜோயல் அன்ரனியைத் தெரிந்துகொள். மொன்றியலில் பிறந்தவர், டோசன் சீஜெப்பில் ஆடியவர். அங்கிருந்து புளோரிடாவின் பென்சகோலாவில் ஒரு ஜூனியர் கொலேஜுக்குப் போனார், பிறகு லாஸ் வேகஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்துக்கு. 2007இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் வீரர் தேர்வில் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் மயாமி ஹீட் அணியில் இடம்பிடித்து, 2012இலும் 2013இலும் வெற்றிக் கிண்ணம் தூக்கினார். பிறகு ஊருக்குத் திரும்பி, மொன்றியல் அலையன்ஸ் அணியின் முதல் பொது முகாமையாளரானார். பதினெட்டு வயதில் அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை. அவருடைய விளையாட்டு வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

கிறிஸ் பூஷேயின் கதை இன்னும் நெருக்கமானது. சென் லூசியாவில் பிறந்து மொன்றியல் நோர்ட்டில் வளர்ந்தவர். பள்ளியை இடையில் விட்டுவிட்டு உணவகச் சமையலறையில் வேலை பார்த்தார். எங்கள் அப்பாமாரில் எத்தனை பேர் இந்த நகரத்தில் வந்திறங்கி அதே வேலையில் தொடங்கினார்கள் என்பது உனக்குத் தெரியும். 2012இல், பத்தொன்பது வயதில், ஒரு சுற்றுப்போட்டியில் ஆடியபோதுதான் பயிற்றுநர்கள் அவரைக் கண்டார்கள். கியூபெக்கின் ஆல்மாவில் ஒரு வருடம், நியூ மெக்சிக்கோவிலும் வயோமிங்கிலும் ஜூனியர் கொலேஜ்கள், பிறகு ஒரிகன் பல்கலைக்கழகம். 2017 மார்ச்சில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த வருடத் தேர்விலும் அவர் பெயர் வரவில்லை. 2019இல் ரொறன்ரோ ராப்டர்ஸ் வெற்றிவாகை சூடியபோது அவர் அந்த அணியில் இருந்தார். இடையில் விட்ட படிப்பை அவர் பிறகு பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் கவனி. நீ அந்தச் சுமை இல்லாமலே புறப்படலாம்.

லூ டோர்ட்டும் மொன்றியல் நோர்ட் பிள்ளைதான். 2019இல் அவரையும் யாரும் தெரிவு செய்யவில்லை. 2025 ஜூனில் ஒக்லஹோமா சிட்டி அணியோடு கிண்ணம் வென்றார், அதே வருடம் என்.பி.ஏ.யின் சிறந்த தடுப்பாட்ட ஐவரில் ஒருவரானார். உயரம் ஆறடி நான்கு அங்குலம். அந்த உலகத்தில் அது பெரிய உயரமில்லை. நீ ஐந்தடி பத்து என்று எழுதியிருக்கிறாய். பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். அந்த உயரத்தில் என்.பி.ஏ. மிக மிக அரிது, ஆனால் நல்ல சீஜெப் அணியும் பல்கலைக்கழக அணியும் எட்டாத தூரமில்லை. அதற்கு எதிராளியின் பந்தைத் தட்டிப் பறிக்கும் தடுப்பாட்டம் வேண்டும், இடது கை வேண்டும், களைத்துப்போன நாலாம் காற்பகுதியிலும் தவறாத எறிதல் வேண்டும். இவற்றில் எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது.

‘சின்ன வயதிலேயே வெளியூர் போய் வென்றவர்களும் இருக்கிறார்களே’ என்று நீ கேட்பாய். இருக்கிறார்கள். பெனடிக்ட் மத்துரின் இங்கிருந்து மெக்சிக்கோ சிட்டியிலிருந்த என்.பி.ஏ. அக்கடமிக்குப் போனார், 2022இல் ஆறாவதாகத் தெரிவானார். ஒலிவியே-மக்சான்ஸ் புரொஸ்பேர் அவுஸ்திரேலியாவின் கன்பராவிலிருந்த என்.பி.ஏ. அக்கடமி வரை போய், 2023இல் முதற்சுற்றிலேயே தெரிவானார். அவர்களைத் தேடிப்பிடித்து அழைத்தவை அந்த அக்கடமிகள், செலவை ஏற்றவையும் அவைதான். உன்னைக் கூப்பிடும் பள்ளியோ உன் அப்பாவிடம் காசு கேட்கிறது. உண்மையிலேயே வேண்டும் என்பவர்கள் புலமைப்பரிசிலோடு வருவார்கள். முழுச் செலவையும் ஏற்று ஓர் அழைப்பு வந்தால், அன்றைக்கு நாம் மறுபடி உட்கார்ந்து பேசலாம்.

சரி, எந்தச் சீஜெப்? டோசன், வனியர், சென்-லம்பேரில் சாம்ப்லேன், லவாலில் மொன்மொரன்சி என்று பலமான அணிகள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து மயங்காதே. ஒவ்வொரு கோச்சிடமும் நேரே கேள்: என் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் ஆடுகிறார்கள், அவர்களில் யார் யார் அடுத்த வருடம் போகிறார்கள், இரண்டாம் வருடத்தில் நான் எத்தனை நிமிடம் ஆட முடியும்? பெரிய அணியின் பெஞ்சில் இரண்டு வருடம் குந்தியிருப்பதைவிட இரண்டாம் பிரிவில் ஒவ்வொரு மட்சிலும் முப்பது நிமிடம் ஆடுவது உன்னைக் கூடுதலாக வளர்க்கும்.

மொழியையும் யோசி. நீ சட்டம் 101இன் பிள்ளை, பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 2022இன் சட்டம் 96க்குப் பிறகு ஆங்கிலச் சீஜெப்களில் இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டுவிட்டன. ஆங்கிலப் பக்கம் போனாலும் பிரெஞ்சுப் பாடங்கள் கூடவே வரும். அதனால் பிரெஞ்சு அணிகளை ஒதுக்கிவிடாதே. பிரெஞ்சுச் சீஜெப்பில் படித்தால், இறுதிப் பிரெஞ்சுப் பரீட்சையில் சித்தியடையாமல் பட்டயம் கிடைக்காது, அதற்கு முதல் நாளிலிருந்தே தயாராகு. பாடங்களில் தவறினால் ஆடும் தகுதியும் போய்விடும், உன் ‘கோட் ஆர்’ புள்ளியும் விழும். பல்கலைக்கழக அனுமதியில் அந்தப் புள்ளிக்குத்தான் கூடிய மதிப்பு.

அமெரிக்கக் கனவை மூட்டைகட்டி வைக்கச் சொல்லவில்லை. சீஜெப்பில் ஆடிக்கொண்டே அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.யின் முதற்பிரிவு 16 அடிப்படைப் பாடங்களைக் கேட்கிறது. அத்தோடு பள்ளி முடித்த திகதியைப் பார்த்துத் தகுதிக் காலத்தைக் கணக்கிடுகிறது. கியூபெக் மாணவருக்கு இந்தக் கணக்கு வேறுமாதிரி இருப்பதால், அவர்களுடைய தகுதி மையத்தில் இந்த வருடமே பதிந்துகொள். பாடத் தெரிவைச் சீஜெப் ஆலோசகரோடு சேர்ந்து செய். ஒரு வருடத்தைச் சும்மா விட்டுவிடாதே. உன் ஆட்டங்களின் ஒளிப்பதிவை நீயே சேர்த்து வை.

இங்கேயும் வழி நல்லதுதான். மக்கில், கொன்கோடியா, யூகாம், லவால், பிஷப்ஸ் என்று ஐந்து கியூபெக் பல்கலைக்கழகங்கள் ஒரே பிரிவில் மோதுகின்றன. கனேடியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஐந்து பருவங்கள் வரை ஆடலாம். கோடையில் கனேடிய எலைட் கூடைப்பந்து லீக் நடக்கிறது. 2019இல் தொடங்கிய அந்த லீக்கில் 2022இலிருந்து மொன்றியல் அலையன்ஸ் வேர்டன் அரங்கில் ஆடுகிறது. அணிகள் ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழக வீரர்களைத் தெரிவு செய்கின்றன. அப்படித் தெரிவானவர்கள் கோடை முழுக்க தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடிவிட்டு, செப்டெம்பரில் வகுப்புக்குத் திரும்பலாம்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நல்ல கூடைப்பந்து ஆட்டக்காரருக்கு ரயில்வேயிலும் வங்கிகளிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். சென்னையின் அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நெடுங்காலம் இந்திய அணியில் ஆடினார், அதற்குத் தலைமையும் தாங்கினார், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கனடாவில் அப்படி ஓர் ஒதுக்கீடு இல்லை. அந்தப் பாதுகாப்பை உனக்குத் தரக்கூடியது பட்டயமும் பட்டமும்தான். இந்த விளையாட்டை 1891இல் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் மக்கிலில் 1887இல் பட்டம் பெற்றவர், இறையியலும் படித்தவர், பிற்பாடு மருத்துவரும் ஆனவர் என்று அப்பாவிடம் சொல். படிப்பும் பந்தும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன. ஆட்டம் ஒருநாள் நின்றாலும், உடற்காயச் சிகிச்சை, பயிற்றுவிப்பு, நடுவர் பணி என்று மைதானத்தோடு ஒட்டிய தொழில்கள் படித்தவனுக்குக் காத்திருக்கின்றன. எங்கள் சமூகத்தில் அந்த இடங்களில் ஆட்கள் மிகக் குறைவு. உன்னைப் போன்றவர்கள் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

சீஜெப் விண்ணப்பத்துக்கு மார்ச் 1 கடைசி நாள். அதற்கு முன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு சீஜெப் மட்சுகளைப் போய்ப் பார். ஒன்று ஆங்கிலக் கல்லூரியில், மற்றது பிரெஞ்சுக் கல்லூரியில். ஆட்டம் முடிந்ததும் கோச்சிடம் போய் உன் பெயரைச் சொல்லி, மேலே எழுதிய கேள்விகளைக் கேள். அப்பாவும் பக்கத்தில் நின்று அந்தப் பதில்களைக் கேட்கட்டும். பிரெப் பள்ளிக்கு நன்றி சொல்லி, இப்போது வரவில்லை என்று எழுதிவிடு. எந்தக் கல்லூரி என்று முடிவானதும் எனக்கும் எழுது. உன் முதல் ஆட்டத்தைப் பார்க்க வருவேன்.

அன்புடன்,
உன் அண்ணன்