மதியிறுக்கப் பிள்ளைகளும் நமது ஆலயமும்



என் ஆசிரியப் பணியின் கடைசி ஆண்டுகளைச் சிங்கப்பூரில் ஒரு சிறப்புப் பள்ளியில், ஆட்டிசம் எனும் மதியிறுக்கமுள்ள பிள்ளைகளோடு கழித்தேன். அங்கு அறிந்தவை ஆலயத்திற்கு வரும் நம் அனைவருக்கும் பயன்படும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1943ஆம் ஆண்டில் லியோ கானர் எனும் மருத்துவர், அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்நிலையைப் பரவலாக அறியச் செய்தது. தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்ற தவறான எண்ணம் பின்னர் பல ஆண்டுகள் நிலவியது. மதியிறுக்கமுள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964இல் ஒரு நூல் எழுதி அதை மறுத்தார். 1977இல் வெளியான இரட்டையர் ஆய்வு, மரபணுக்களுக்குப் பங்குண்டு என்று காட்டியது. இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, வளர்ப்பின் குற்றமன்று.

இப்பிள்ளைகள் பலருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமலிருப்பதே பெரும் அச்சம். ஆகவே எங்கள் வகுப்பில் காலையில் முதல் வேலை படப் பலகைதான். அன்றைய வேலைகள் படங்களாக வரிசையில் இருக்கும். ஒன்று முடிந்ததும் பிள்ளை அந்தப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். பேசும்போது "ஓடாதே" என்பதைவிட "நட" என்பதே எளிதில் விளங்கும். ஒருமுறை சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

என் மாணவன் ஒருவன் தினமும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவான். அதற்கு முன் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தோம். இடைவேளை மணியோசைதான் காரணம். பிறகு, மணியடிக்கும் முன் மணியின் படத்தைக் காட்டிக் காதடைப்பானைக் கொடுத்தோம். சில வாரங்களில் அவனே அதை அணிந்துகொண்டு வரிசையில் நின்றான். பிடிவாதம் என்று அதட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

இனி ஆலயத்திற்கு வருவோம். தீபாராதனை நேரத்து மேளமும் மணியும் கூட்டமும் நமக்குப் பரவசம். அப்பிள்ளைக்கோ தாங்க முடியாத இரைச்சலாகலாம். அவன் அலறும்போது திரும்பிப் பார்க்கும் கண்களுக்கும், "என்ன பாவம் செய்தார்களோ" என்ற பேச்சுக்கும் அஞ்சி, ஆலயம் வருவதையே நிறுத்திவிட்ட பெற்றோரை நான் அறிவேன்.

பெற்றோர்களே, பூசைகளுக்கு இடைப்பட்ட அமைதியான வேளையில் அழைத்து வாருங்கள். செருப்பைக் கழற்றுதல், கால் கழுவுதல், விநாயகரை வணங்குதல், திருநீறு, பிரசாதம், வீடு என்று படங்களை வரிசையாகக் காட்டுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும்.

பக்தர்களே, அப்பிள்ளை அழுதால் வழிவிட்டு, உதவி வேண்டுமா என்று பெற்றோரிடம் மெல்லக் கேளுங்கள். நன்கொடையாளர்களே, சில காதடைப்பான்களும் ஓர் அமைதியான அறையும் மிகச் சிறந்த திருப்பணியாகும்.

சிங்கப்பூரில் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. பள்ளியில் இடம் பெற்ற அப்பிள்ளைகளுக்கு இறைவன் சந்நிதியிலும் இடம் கிடைக்க நாம் துணை நிற்போமாக.