மீட்டர் சொன்னது பொய்யா?

உங்கள் சித்தப்பா தம் காரில் பொருத்துவதற்காகப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டரியிலிருந்து டிக்கி வரை கம்பி இழுத்து, ஸ்பீக்கர்களையும் இணைத்துவிடுகிறார். மெல்லிய பாட்டு நன்றாகக் கேட்கிறது. ஒலியைக் கூட்டியதும் வந்தது வினை! தவில் அடி ஒவ்வொன்றுக்கும் ஆம்ப்ளிஃபயரின் விளக்கு அணைகிறது. பாட்டு நின்று நின்று வருகிறது.

"பழைய பொருள், ஏமாந்துவிட்டேன்" என்று அவர் அதைக் கழற்றப் போகிறார். நீங்கள் பாட்டை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் முனைகளில் வைக்கிறீர்கள். 12.6 வோல்ட்! பாட்டரியில் உள்ள மின்னழுத்தம் குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியானால் குற்றவாளி ஆம்ப்ளிஃபயர்தானே?

அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறாதீர்கள். மீட்டர் உண்மையைத்தான் சொன்னது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி வேறு.

மூடிய குழாயும் திறந்த குழாயும்

தெருக்குழாய் ஒன்றில் பாதியளவு துரு அடைத்திருக்கிறது. குழாயை மூடி வைத்து நீரின் அழுத்தத்தை அளந்தால் முழு அழுத்தம் தெரியும். திறந்தால்தான் நீர் நூலாக ஒழுகுவது தெரியும். நீர் ஓடாதபோது அடைப்பு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. மின்சுற்றிலும் இதே கதைதான்.

ஓம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. எர்த் கம்பியை மாட்டிய திருகின் அடியில் வர்ணப்பூச்சு இருக்கிறது. அதனால் அங்கே 0.15 ஓம் தடை ஏற்பட்டிருக்கிறது என்று கொள்வோம். மிகச் சிறிய அளவுதான்.

டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 1 கோடி ஓம். ஆம்ப்ளிஃபயர் ஓய்ந்திருக்கும்போது அந்தத் திருகின் வழியே ஓடும் மின்னோட்டம் மிக அற்பமே. அதை 0.15-ஆல் பெருக்கினால் இழப்பு ஏறக்குறைய சுழி. எனவே மீட்டர் 12.6 வோல்ட்டைக் காட்டியது.

இனி ஆம்ப்ளிஃபயர் முழு மூச்சுடன் வேலை செய்யும் நிலையைப் பாருங்கள். அது 120 வாட் ஒலித்திறனைத் தருவதாகவும், பெற்ற ஆற்றலில் பாதியை வெப்பமாக இழப்பதாகவும் கொண்டால், அதற்குத் தேவை 240 வாட். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 20 ஆம்பியர்! வீட்டு மின்விசிறிக்கு அரை ஆம்பியர்கூடத் தேவைப்படாது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். மின்னழுத்தம் குறைவாக இருப்பதால் மின்னோட்டம் பெருகித்தான் தீர வேண்டும்.

20 ஆம்பியரை 0.15 ஓமால் பெருக்குங்கள். 3 வோல்ட் இழப்பு! ஆம்ப்ளிஃபயருக்குக் கிடைப்பது 9.6 வோல்ட்தான். அழுத்தம் இவ்வளவு தாழ்ந்தால் பல ஆம்ப்ளிஃபயர்கள் தாமே அணைந்துவிடும். அணைந்ததும் மின்னோட்டம் நிற்கிறது, இழப்பும் மறைகிறது, மீண்டும் உயிர் பெறுகிறது. அடுத்த தவில் அடிக்கு மறுபடியும் அதே கதை.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இழந்த 3 வோல்ட் எங்கே போயிற்று? 3 × 20 = 60 வாட் வெப்பமாக அந்த ஒரு திருகில் வெளிப்படுகிறது. 60 வாட் பல்பைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அதன் பொருள் புரியும். கம்பியின் உறை உருகித் தீப்பிடிக்கவும் கூடும்.

ஓம் பட்ட பாடு

இந்தத் தொல்லை ஓம் அவர்களையே முதலில் ஏமாற்றியது. ஜார்ஜ் சைமன் ஓம், கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1825-இல் வோல்ட்டாவின் முறையில் அமைந்த மின்கலத்தைக் கொண்டு சோதனை செய்தார். மின்னோட்டம் எடுக்க எடுக்கக் கலத்தின் மின்னழுத்தம் தளர்ந்தது. அதனால் அவர் முதலில் கண்ட விதி சரியாக அமையவில்லை. பிறகு செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மின்னழுத்தத்தைப் பெற்றார். சரியான விதி கிடைத்தது. 1827-இல் அதை நூலாக வெளியிட்டார்.

குற்றவாளியைப் பிடிப்போம்

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். ஆம்ப்ளிஃபயர் அணையும் நிலைக்குச் சற்றுக் குறைவாக ஒலியை வைத்து, பாட்டு ஓடும்போதே அளக்க வேண்டும்.

முதலில் பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளவுங்கள். இங்கேயே மின்னழுத்தம் வெகுவாகச் சரிந்தால் பாட்டரிதான் நலிந்திருக்கிறது.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் நேர்முனையிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது அந்தக் கம்பி விழுங்கிய வோல்ட். டிக்கி வரை எட்டாவிட்டால் மீட்டரின் கம்பியை எவ்வளவு மெல்லிய கம்பியாலும் நீட்டிக்கொள்ளலாம், தவறில்லை. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்!

மூன்றாவதாக, பாட்டரியின் எதிர்முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையே அளவுங்கள். முதல் கம்பியில் 0.2 வோல்ட்டும் எர்த் வழியில் 1.9 வோல்ட்டும் வந்தால், கள்வன் அகப்பட்டான். பாட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் திருகை எடுங்கள். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை வர்ணத்தை எம்ரித்தாளால் தேய்த்து, திருகை இறுக்கி, மீண்டும் அளவுங்கள்.

உண்மையிலேயே ஆம்ப்ளிஃபயர் பழுதென்றால்?

அதையும் கண்டுபிடிக்கலாம். ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தால், ஸ்பீக்கர் கம்பிகளையும் ரிமோட் எனப்படும் சிறு கம்பியையும் விலக்குங்கள். ஃப்யூஸின் இடத்தில் 12 வோல்ட், 55 வாட் முகப்பு விளக்கு பல்பு ஒன்றை இணையுங்கள். உள்ளே என்ன கோளாறு இருந்தாலும் ஏறக்குறைய 4.6 ஆம்பியருக்கு மேல் பல்பு விடாது. பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் கவலையில்லை; உள்ளிருக்கும் மின்தேக்கிகள் நிரம்பின என்று பொருள். முழு ஒளியுடன் நின்று எரிந்தால் உள்ளே குறுக்குச்சுற்று இருக்கிறது. ரிமோட் கம்பியை இணைத்த பிறகே முழு ஒளி வந்தாலும் பழுது ஆம்ப்ளிஃபயருக்குள்தான். இரண்டு சோதனையிலும் அது தேறினால், ஸ்பீக்கர் கம்பி எங்கேனும் காரின் உடலில் உராய்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். போன ஃப்யூஸுக்குப் பதிலாகப் பெரிய ஃப்யூஸையோ கம்பித் துண்டையோ வைக்கவே கூடாது. பாட்டரியருகே உள்ள ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயரை மட்டும் காப்பதற்காக அன்று; நீண்டு செல்லும் கம்பி தீப்பற்றாமல் காப்பதற்காக. அதனால்தான் அது பாட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

தேய்ந்துபோன டார்ச் செல் ஒன்றை எடுத்து மின்னழுத்தத்தை அளவுங்கள். பிறகு சிறு டார்ச் பல்பு ஒன்றை அதில் இணைத்து, இணைத்தபடியே அளவுங்கள். இரண்டு அளவுகளையும் நோட்டில் குறியுங்கள். புதிய செல்லிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்கும் தருகிறோம். 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் தடை ஏறக்குறைய 0.017 ஓம். நீளம் 5 மீட்டர், மின்னோட்டம் 20 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் எத்தனை வோல்ட் இழப்பு? 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் எத்தனை? விடைகள் 0.68, 0.17 என்று வந்தால், சித்தப்பாவுக்கு எந்தக் கம்பியை வாங்கச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.