‘மாமா நல்லவர்தான்… ஆனால் நான் கேட்கவில்லை’

கேள்வி: பத்தாவது முடித்த கோடை லீவில், 16 வயதில், என்னைத் தாய்மாமாவுக்குக் கட்டிவைத்தார்கள். பாட்டி கண்மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டுமாம். இப்போது எனக்கு 19 வயது முடிந்து ஏழு மாதம். இரண்டு வயதில் மகள். மாமா அடிப்பதில்லை, குடிப்பதில்லை. ஆனால் இந்த வாழ்க்கையை நான் கேட்கவில்லை. படிக்கிறேன் என்றால், “பிள்ளையை யார் பார்ப்பது?” என்கிறார்கள். அம்மாவிடம் அழுதால், “என் தம்பி உனக்கு என்ன குறை வைத்தான்?” என்கிறார். இந்தக் கல்யாணம் செல்லுமா? ரத்து செய்தால் மகளுக்கு அப்பா பெயர் இல்லாமல் போய்விடுமா?
– பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி உங்கள் திருமணம் தானாக ரத்தாகிவிடாது. நீங்கள் மனு போட்டால் ரத்து செய்யலாம். 20 வயது நிறைவதற்குள் போட வேண்டும். கல்யாணத்தன்று உங்களுக்கு 18 ஆகவில்லை என்பதே காரணமாகப் போதும். அந்த வயதைத் தாண்டினால் விவாகரத்துதான். அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும், அல்லது காரணத்தை நிரூபிக்க வேண்டும். “தை பிறக்கட்டும், பேசிக்கொள்ளலாம்” என்று உறவுகள் நாளைக் கடத்த விட்டுவிடாதீர்கள்.

மகளைப் பற்றிய பயம் வேண்டாம். ரத்தானாலும் அவள் சட்டப்படி முறையான குழந்தையே என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் மறுமணம் செய்யும்வரை ஜீவனாம்சமும் தங்க இடமும் கேட்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரத்து மனு யாரையும் சிறைக்கு அனுப்புவதற்கானது அல்ல. ஆனால் 18 நிறையும் முன்பே நீங்கள் கருவுற்றது தெரியவந்தால் மாமா மீது போக்சோ வழக்கு வரக்கூடும். மனு போடும் முன்பே இதை வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்வார்கள். தொலைபேசி எண் 15100.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்தது அம்மா சொன்ன பதில்தான். அசலில் கொடுத்த பெண் கோபித்துக்கொண்டாவது பிறந்த வீட்டுக்கு வரலாம். உங்களுக்கு மாமியாரே அம்மாவைப் பெற்றவர். புருஷன் மேல் ஒரு வார்த்தை சொன்னால் அது அம்மாவின் தம்பி மேல் சொன்னதாகிறது. பஞ்சாயத்துக்கு உட்காருகிறவர்களும் அதே சொந்தங்கள். ‘தெரிந்த இடம், பெண் பத்திரமாக இருப்பாள்’ என்று பெரியவர்கள் நம்பிச் செய்த ஏற்பாட்டில், உங்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போய்விட்டது. சொந்தத்தில் சிறுவயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள் பலரும் ‘அவர் நல்லவர்தான்’ என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள், குறை சொல்லும் தகுதி தங்களுக்கு இல்லை என்பதுபோல. அவர் நல்லவராக இருப்பதால் நீங்கள் சம்மதித்ததாக ஆகாது.

பிரிவதா, இருப்பதா என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்காக முடிவெடுத்தவர்கள் போதும். ஆனால் படிப்பை அந்த முடிவோடு முடிச்சுப்போட வேண்டாம். பத்தாவது தேறியிருந்தால், தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் வீட்டிலிருந்தே படித்து 12-ஆம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மதிப்பெண் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் யாரிடம் இருக்கின்றன? வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக்கும் வழக்குக்கும் அவை வேண்டும். பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்கிறார்களே, இரண்டு வயதாகிவிட்டது, அங்கன்வாடியில் சேர்க்கலாம். காலையில் மாமாவே கொண்டுபோய் விடட்டும்.