மரக் கோஸ்டரின் சிறப்பு எதில் உள்ளது?

நம் கெலாங் பாத்தாவிற்கு அருகே, இஸ்கந்தர் புத்திரியில், 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பெற்றது. அங்கே ‘டிராகன்’ என்னும் ரோலர் கோஸ்டர் ஒரு கோட்டைக்குள் புகுந்து வெளியேறி ஓடுகின்றது. அதில் ஏறி அலறிய கதையை மாணவர் பலர் வீட்டில் சொல்லியிருப்பர். அதன் தண்டவாளம் எஃகினால் ஆனது. ஆயினும் இவ்வகை ஊர்திகள் தோன்றிய காலத்தில் அவற்றுக்கு மரமே உடலாக இருந்தது. மரத்தாலான கோஸ்டர்களை நாடு விட்டு நாடு தேடிச் சென்று ஏறிவரும் ஆர்வலர்கள் இன்றும் உள்ளனர். அவர்கள் கூடுமிடத்தில் ஓயாத வாதம் ஒன்று உண்டு. மரக் கோஸ்டர் ஒன்றைத் தலைசிறந்தது எனச் சொல்லச் செய்வது யாது? அவ்வாதத்திற்கு நாமும் சற்றுச் செவிசாய்ப்போம்.

1884 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் மரத்தால் ஒரு சறுக்குப் பாதை அமைத்து, ஆளுக்கு 5 சென்ட் கட்டணம் பெற்றார். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டரே. நம் தோட்டத்துச் சைக்கிள் அதனை எளிதில் முந்திவிடும். அதே கோனி தீவில் 1927 இல் எழுந்த ‘சைக்ளோன்’ இன்றளவும் ஓடுகின்றது. அப்பெயரையே தாங்கிய மரக் கோஸ்டர் ஒன்று இந்தியாவில், கொல்கத்தாவின் நிக்கோ பூங்காவிலும் உண்டு.

இவ்வூர்தியில் எஞ்சின் இல்லை என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஒரு சங்கிலி பெட்டிகளை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் செல்லும். அதன்பின் வேலை செய்வது புவியின் ஈர்ப்பு ஒன்றே. தண்டவாளம் என்பது பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி இறுக்கி, மேலே தட்டையான எஃகுப் பட்டை பதித்த பாதையாகும். சக்கரங்கள் மேலே மட்டும் ஓடுவதில்லை. பக்கத்தே அணைப்பவையும், அடியில் பற்றிக்கொள்பவையும் உண்டு. அடிச்சக்கரத்தைப் புகுத்தியவர் ஜான் மில்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அது வந்த பிறகே மேடுகளைச் செங்குத்தாக அமைக்கும் துணிவு பிறந்தது.

இனி வாதத்திற்கு வருவோம். உயரமும் வேகமுமே சிறப்பு என்பார் ஒரு சாரார். அவர்களுக்கு விடையாக ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில், 2000 ஆம் ஆண்டு ‘சன் ஆஃப் பீஸ்ட்’ திறக்கப்பெற்றது. உயரம் 66 மீட்டர். வேகம் மணிக்கு 126 கிலோமீட்டர். தலைகீழாய்ச் சுழலும் வளையமும் அதில் இருந்தது. உலகில் அதனினும் உயர்ந்த மரக் கோஸ்டர் அன்று இல்லை. 2006 ஜூலையில் தாங்குமரம் ஒன்று பிளவுபட, பாதை அவ்விடத்தில் தாழ்ந்து, ஊர்தி அதிர்ந்து 27 பேர் காயமுற்றனர். வளையத்தை அகற்றி மீண்டும் ஓட்டினர். 2009 இல் நிறுத்தினர். 2012 இல் இடித்தே விட்டனர். அத்துணை எடையையும் விசையையும் அவ்வமைப்பு நெடுநாள் தாங்கவில்லை.

மற்றொரு சாரார், இருக்கையிலிருந்து உடல் எழும்பும் அந்த ஒரு நொடியே உயிர் என்பர். இதனை நம் பெற்றோருக்கு விளக்க வேண்டுவதில்லை. லாரியின் பின்புறம் அமர்ந்து செம்மண் சாலையில் வேலைக்குச் சென்றவர்கள் அறிவர்: மேட்டைத் தாண்டியதும் லாரி கீழிறங்கும்; நம் உடலோ மேல்நோக்கியே செல்ல முயலும்; பலகைக்கும் நமக்கும் இடையே காற்று புகும். கோஸ்டர் மேடுகளை வரைபவர் அந்த நொடியைக் கணக்கிட்டே வளைவை அமைக்கிறார்.

இதற்குச் சான்றாக அவர்கள் காட்டுவது பென்சில்வேனியாவின் நோபெல்ஸ் பூங்காவிலுள்ள ‘ஃபீனிக்ஸ்’. 1947 இல் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் ‘ராக்கெட்’ என்ற பெயருடன் தோன்றியது அது. அங்கிருந்த பூங்கா மூடப்பட்டபின் கேட்பாரற்று நின்ற அதனைக் கழற்றி, லாரிகளில் ஏற்றிவந்து, 1985 இல் மீண்டும் எழுப்பினர். அதன் பெரிய இறக்கம் 22 மீட்டர் மட்டுமே. அவ்வளவு உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம் பெறும். உராய்வு சிறிதை உண்டுவிட, ஃபீனிக்ஸ் 72 கிலோமீட்டரில் ஓடுகின்றது. ‘சன் ஆஃப் பீஸ்ட்’ முன் இது சிறுபிள்ளை. ஆயினும் ‘அமியூஸ்மென்ட் டுடே’ இதழின் வாக்கெடுப்பில் 2018 முதல் பலமுறை தலைசிறந்த மரக் கோஸ்டராகத் தேர்வு பெற்றது இச்சிறுபிள்ளையே.

மூன்றாம் சாரார் மரத்தின் ஓசையையும் அசைவையும் போற்றுவர். வெயிலில் விரிந்தும் மழையில் ஊறியும் மரம் நாளுக்கொரு விதமாய் நடக்கும். காலையில் மெல்ல ஓடிய ஊர்தி, மசகெண்ணெய் சூடேறிய மாலையில் விரைந்தோடும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1912 முதல் ஓடும் ‘சீனிக் ரயில்வே’யில், பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் நின்றுகொண்டு கையாலேயே பிரேக் போடுகிறார். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுபவர் நம் நினைவுக்கு வருகிறார் அல்லவா? ஆனால் குலுங்கிக் கழுத்து வலிப்பதையும் பெருமையாகப் பேசும் சிலருடன் நாம் உடன்பட இயலாது. அது பராமரிப்பின் குறையேயன்றிப் பழமையின் அழகு அன்று.

ஜப்பானின் நகஷிமா பூங்காவில் 1994 முதல் ஓடிய ‘வைட் சைக்ளோன்’ 2018 இல் நிறுத்தப்பட்டு, மரத் தாங்கிகளின் மேல் எஃகுத் தண்டவாளம் பூட்டி, 2019 இல் ‘ஹகுகெய்’ என்னும் புதுப்பெயருடன் திறக்கப்பெற்றது. இனி அது மரக் கோஸ்டரா, எஃகுக் கோஸ்டரா? இக்கேள்வியில் ஆர்வலர்கள் இரு பிரிவாகி நிற்கின்றனர். சக்கரம் தொடுவது எதுவோ அதனைக் கொண்டே பெயரிட வேண்டும் என்பது நம் கருத்து.

ஃபீனிக்சின் வெற்றிக்கு மேடுகளின் வடிவம் ஒரு காரணம் என்றால், அன்றாட உழைப்பு மற்றொன்று. மரக் கோஸ்டர் உள்ள பூங்காக்களில், வாயில் திறப்பதற்கு முன்னரே தொழிலாளர்கள் பாதை நெடுகிலும் நடந்து செல்வர். கையில் சுத்தியலும் திருகுக்கருவியும் இருக்கும். தளர்ந்த ஆணியை அறைவர், மறையை முடுக்குவர், உளுத்த பலகையைக் குறித்து வைத்து மாற்றுவர். லயத்து வீட்டின் பலகைச் சுவரைக் கறையானிடமிருந்து காத்தவர்களுக்கு அவ்வேலையின் அருமை தெரியும். அவர்கள் இறங்கி வந்தபின், ஆளில்லாப் பெட்டிகள் அன்றைய முதல் ஓட்டத்தை ஓடும். அதன் பின்னரே மக்களுக்குக் கதவு திறக்கப்படும்.