சாயங்காலம் 5 மணி வரை நின்றவர்கள்

வேத பாடம்: மத்தேயு 20:1-16; 1 இராஜாக்கள் 17:1-24; அப்போஸ்தலர் 18:1-4



இந்த மாத வேத பாடம் வேலை இல்லாமல் இருக்கிற சகோதரர்களுக்காக எழுதப்படுகிறது. சகோதரிகளும் வாசியுங்கள். ஆனாலும் இது விசேஷமாக, காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற புருஷர்களுக்கு.

சபையிலே வியாதிக்காக ஜெபிக்கும்படி கை உயர்த்துகிறோம். பிள்ளைகளின் பரீட்சைக்காக, மகளின் கல்யாண காரியத்துக்காகச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் ஒரு ஆண்மகன் எழுந்து நின்று, "எனக்கு வேலை போய்விட்டது, எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது எவ்வளவு அபூர்வம்! ஆராதனை முடிந்த பிறகு அவருடைய மனைவிதான் பாஸ்டரம்மாவிடம் வந்து, "அக்கா, நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று காதோடு காதாகச் சொல்லுவார்கள். அதற்குள் மூன்று மாதம் ஓடியிருக்கும். நகை அடகுக்குப் போயிருக்கும். அந்தச் சகோதரனும் முன் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு, கடைசி வரிசையிலிருந்து வீட்டுக்கு என்று மெல்ல மெல்ல விலகியிருப்பார்.

இதற்குக் காரணம் வெட்கம். வேலை போனால் கர்த்தர் கைவிட்டார் என்று அர்த்தமா? மறைவான பாவம் இருக்கிறது என்று அர்த்தமா? அப்படி நினைக்கிற விசுவாசிகள் நம் நடுவில் உண்டு. நம் பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். பெரம்பூரில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனி கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021-ல் அறிவித்து, 2022-ல் நிறுத்தியது. அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்கள் சோம்பேறிகளா? ஷிப்டு தவறாமல் போனவர்கள்தானே! எங்கோ இருக்கிற முதலாளிகள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த தீர்மானத்துக்கு இங்கே இருக்கிற சகோதரன் எப்படிப் பொறுப்பாவான்?

இப்பொழுது மத்தேயு 20-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். இந்த உவமையைக் கிருபையைப்பற்றிய பாடமாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது சரிதான். ஆனால் சந்தைவெளியில் நிற்கிற அந்த மனுஷரைச் சற்று உற்றுப் பாருங்கள். நம் ஊரிலும் விடியற்காலையில் நாற்சந்தியில் கொத்தனார்களும் சித்தாள்களும் பெயின்டர்களும் தூக்குவாளியோடு நிற்பார்கள் அல்லவா? மேஸ்திரி வருவார், கை காட்டுவார், நாலு பேர் வண்டியில் ஏறுவார்கள். மற்றவர்கள் நிற்பார்கள். எட்டு மணி, ஒன்பது மணி ஆனால், "இனிமேல் யாரு வரப்போறா" என்று வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. அதைவிட எளிதாக டாஸ்மாக் கடைப்பக்கம் திரும்புகிறவர்களும் உண்டு.

உவமையில் வீட்டெஜமான் ஐந்து தரம் வெளியே போகிறார். அதிகாலையில், பிறகு மூன்றாம் மணி, அதாவது நம் கணக்குக்குக் காலை 9 மணி. பிறகு 12, பிறகு 3. கடைசியாகப் பதினோராம் மணி வேளை, சாயங்காலம் 5 மணி. இன்னும் ஒரு மணி நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்திலும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். கவனியுங்கள்! எஜமான் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்களிடம் என்ன குறை இருக்கிறதோ" என்று தோண்டவில்லை. அவர்கள் சொன்ன பதிலை உண்மை என்று அப்படியே ஏற்றுக்கொண்டு, திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொல்லுகிறார். பிரியமானவர்களே, நாம் ஒரு சகோதரன் சொன்னதை அப்படி ஏற்றுக்கொள்கிறோமா? "டிரை பண்ணினீங்களா பிரதர்? சரியா டிரை பண்ணியிருக்க மாட்டீங்க" என்றல்லவா சொல்லுகிறோம்!

இன்னொன்று. அந்த எஜமானுக்குக் காரியக்காரன் ஒருவன் இருக்கிறான். 8-ம் வசனத்தில் கூலி கொடுக்க அவனைக் கூப்பிடுகிறார். ஆட்களைத் தேடிப் போகிறதற்கு மட்டும் காரியக்காரனை அனுப்பவில்லை, ஐந்து தரமும் தாமே போகிறார். அல்லேலூயா! யாரும் கூப்பிடாதவனைத் தேடி நம் தேவன் தாமே சந்தைக்கு வருகிறார்.

அந்த ஆட்களுடைய பக்கத்தையும் பாருங்கள். 5 மணிக்கு வந்த எஜமானைச் சந்திக்க வேண்டுமானால் 5 மணிக்கு அந்த இடத்தில் இருக்க வேண்டும். 9 மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தால்? ஆகவே சகோதரனே, இன்றைக்கு நீ போய்க் கேட்ட பத்து இடத்திலும் இல்லை என்று சொன்னார்களா? நீ நின்றாயே, அது வீண் அல்ல. நிற்பதும் விசுவாசம்தான்.

"வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே" என்று சிலர் எடுத்து வீசுவார்கள். 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ நிதானமாகப் படியுங்கள். வேலை செய்ய மனதில்லாதவனைப்பற்றி அது பேசுகிறது. மனது இருந்தும் வேலை கிடைக்காதவனை அந்த வசனத்தால் அடிப்பது வேதத்தைப் புரட்டுவதாகும். 1 தீமோத்தேயு 5:8-ம் அப்படித்தான். அந்தப் பகுதி முழுவதும் குடும்பத்திலுள்ள விதவைகளைக் கவனியாமல் சபையின்மேல் தள்ளிவிடுகிறவர்களைக் குறித்தது. ரேஷன் அரிசியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடக்கிற தகப்பனைக் குறித்தது அல்ல.

என் தகப்பனார் வேலை செய்த இடம் மூடப்பட்டபோது எனக்குப் பதினாறு வயது. எங்களுக்குச் சொல்லவில்லை. வழக்கம்போல ஆறரை மணிக்கு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போவார். சாயங்காலம் வருவார், டப்பா காலியாக இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. அம்மாதான் கண்டுபிடித்தார்கள். துவைக்கிற சட்டையில் மெஷின் எண்ணெய் வாசம் இல்லை. கேட்டபோது அப்பா ஒன்றும் பேசவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மா எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸில் பீஸ் வேலைக்குப் போனார்கள். அப்பாவுக்கு அதுதான் வேலை போனதைவிடப் பெரிய அடியாக இருந்தது.

அப்படிப்பட்ட வீடுகளுக்காகவே எலியாவின் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். கர்த்தர் போகச் சொன்ன இடத்துக்கு எலியா போனான், இருக்கச் சொன்ன ஆற்றண்டையில் இருந்தான். அப்படியிருந்தும் ஆறு வற்றிப்போயிற்று (17:7). கீழ்ப்படிந்தவனுடைய ஆறும் வற்றும்! பிறகு கர்த்தர் அவனை எங்கே அனுப்புகிறார்? சீதோனைச் சேர்ந்த சாறிபாத்துக்கு. அது யேசபேலின் சொந்த நாடு. அங்கே ஒரு ஐசுவரியவானுடைய வீட்டுக்கா? இல்லை, கடைசிப் பிடி மாவை வைத்துக்கொண்டு விறகு பொறுக்குகிற ஒரு விதவையிடம். வானத்தையே அடைக்கும்படி வார்த்தை சொன்ன தீர்க்கதரிசி, ஒரு ஸ்திரீயிடம் கொஞ்சம் தண்ணீரும் ஒரு துண்டு அப்பமும் வாய்திறந்து கேட்க வேண்டியதாயிற்று. அநேக நாள் அவள் சமைத்ததைச் சாப்பிட்டான். அது அவனுக்கு அவமானமாய் எழுதப்படவில்லை, கர்த்தருடைய போஷிப்பாய் எழுதப்பட்டிருக்கிறது.

மனைவி சம்பளம் கொண்டுவருகிற வீட்டில் புருஷன் சத்தமாகப் பேச ஆரம்பிப்பான். சின்னக் காரியத்துக்குத் தட்டை எறிவான். தன் மதிப்பு குறைந்துவிட்டது என்ற பயம் அது. எலியா அந்த வீட்டில் என்ன செய்தான் என்று மேலே வாசியுங்கள். பிள்ளை செத்துப்போனபோது, அவன்தான் அந்தப் பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து எடுத்து, மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய், மூன்று தரம் பிள்ளையின்மேல் குப்புற விழுந்து, கர்த்தரை நோக்கிக் கதறினான். அப்பம் அவள் கையிலிருந்து வந்தது, ஜெபம் அவன் வாயிலிருந்து வந்தது. சகோதரனே, சம்பளம் நின்றால் உன் குடும்ப ஜெபம் நிற்க வேண்டியதில்லை. லாரித் தண்ணீர் பிடித்து வை. பிள்ளைகளுக்குத் தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்பு. அவள் களைத்து வரும்போது ஒரு டம்ளர் காப்பி போட்டு வை. நம்மூர் ஆம்பிளைகளுக்கு இது கொஞ்சம் கஷ்டம், எனக்குத் தெரியும். சீஷருடைய காலைக் கழுவினவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கக்கூடாது.

அதே எலியா 19-ம் அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டதையும் மறைக்காமல் வேதம் சொல்லுகிறது. கர்த்தர் அப்போது பிரசங்கம் பண்ணவில்லை. தூதனை அனுப்பிச் சாப்பாடு கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார். பேச்சுவார்த்தை பிறகு. இதை வாசிக்கிற யாருக்காவது அந்த எண்ணம் வந்திருந்தால், இன்று ராத்திரியே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். எந்நேரமானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு. டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல.

அடுத்து ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கிலவுதியு இராயன் யூதரை ரோமாபுரியைவிட்டு வெளியேறக் கட்டளையிட்டான். கி.பி. 49 வாக்கில் என்று வேத பண்டிதர் சொல்லுவார்கள். ஒரே அரசாணையில் வீடும் தொழிலும் போயிற்று. கொரிந்துவுக்கு வந்தார்கள். கையிலிருந்த கூடாரத் தொழில் மட்டும் கூட வந்தது. அந்தப் பட்டறைக்குத்தான் பவுல் வந்து கூட உட்கார்ந்து தைத்தார். ரோமில் கடை போயிராவிட்டால் கொரிந்துவில் பவுலுக்குத் தங்க இடம் யார் கொடுத்திருப்பார்கள்? பின்பு எபேசுவிலும், திரும்பவும் ரோமிலும் அவர்கள் வீட்டில் சபை கூடிற்று (1 கொரிந்தியர் 16:19, ரோமர் 16:3-5). ஆகையால், "நான் சூப்பர்வைசராக இருந்தவன், இந்த வேலைக்கு எப்படிப் போவேன்" என்று நினைக்காதீர்கள். ரோமாபுரியில் தைத்த அதே ஊசியால்தான் கொரிந்துவிலும் தைத்தார்கள்.

லூக்கா 5-ல் பேதுரு இராமுழுவதும் பாடுபட்டு ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. காலையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். மீன் இல்லாத நாளிலும் வலை சுத்தமாக இருந்ததால்தான் ஆண்டவர் சொன்ன உடனே போட முடிந்தது. உங்கள் வலை என்ன? வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தீர்களா? டிரைவிங் லைசென்ஸ் தேதி முடிந்துவிட்டதா? பழைய கம்பெனியில் அனுபவச் சான்றிதழ் வாங்கினீர்களா? ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி உண்டு. பி.எஃப். பணமும் உங்களுடையது. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று அதை விட்டுவிடாதீர்கள். பவுல் தேவையான இடத்தில் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 22:25). பிடித்துவைத்த கூலியின் கூக்குரல் கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்லுகிறது.

எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. வெளிநாட்டு வேலை என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்டு "பிரெய்ஸ் த லார்ட்" சொல்லுகிறார் என்பதற்காக நம்பாதீர்கள். மத்திய அரசின் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். தமிழக அரசே நடத்துகிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. கந்துவட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கட்டினவர்களின் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன்.

சபை மூப்பர்களுக்கும், தொழில் நடத்துகிற விசுவாசிகளுக்கும் சொல்லுகிறேன். வருமானம் இல்லாத சகோதரனிடம் தசமபாகத்தைப்பற்றிப் பேசாதீர்கள். ஒருவனிடம் இருக்கிறதைப் பார்த்துத்தான் தேவன் ஏற்றுக்கொள்கிறார், இல்லாததைப் பார்த்து அல்ல (2 கொரிந்தியர் 8:12). "சாட்சி எப்போ சொல்லப் போறீங்க" என்று வாரா வாரம் கேட்காதீர்கள். யோபின் சிநேகிதர் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் வாய்திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. கடை வைத்திருக்கிறவர்கள், கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள், கம்பெனியில் ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறவர்கள், அந்த எஜமானைப்போல நீங்களே சந்தைக்குப் போங்கள். அப்படி ஒரு சகோதரனை வேலைக்கு வைத்தால் கூலியைக் குறைக்காமல் அன்றன்றே கொடுத்துவிடுங்கள். உபாகமம் 24:15 அன்றைக்கே என்றுதான் சொல்லுகிறது. விசுவாசிதானே, மெதுவாகக் கொடுக்கலாம் என்பது நம் சபைகளில் புகுந்த ஒரு கெட்ட பழக்கம்.

கர்த்தருக்குச் சித்தமானால் வருகிற சனிக்கிழமை காலை 6 மணிக்குச் சபையில் சகோதரர்களுக்கு மட்டும் ஜெபக் கூடுகை இருக்கும். யாரும் யாரையும் கேள்வி கேட்கமாட்டோம். ஒரு மணி நேரம் முழங்காலில் ஜெபம். அது முடிந்ததும் கம்ப்யூட்டர் தெரிந்த நம் வாலிபத் தம்பிகள் இரண்டு பேர் இருப்பார்கள். பயோடேட்டா அடிக்க, பதிவு புதுப்பிக்க, பி.எஃப். விண்ணப்பம் போட அவர்கள் உதவி செய்வார்கள். சான்றிதழ்களையும் ஆதார் அட்டையையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். காலை டிபன் சபையில் உண்டு, டப்பா கொண்டுவர வேண்டாம்.