சுழல்விசிறியின் வடு

1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் விமானத்தைப் பம்பாய்க்கு ஓட்டிவந்தார். அங்கிருந்து சென்னைக்கு ஓட்டியவர் நெவில் வின்சென்ட். பம்பாயில் அஃது இறங்கிய ஜூஹு வெறும் மண்தரையே. அத்தகைய தரைகளில் சிறு விமானங்கள் இன்றும் உலகின் பல பகுதிகளில் இறங்குகின்றன.

அங்கே சுழல்விசிறி கூழாங்கற்களை மேலே ஈர்க்கும். கல் பட்ட உலோக அலகின் விளிம்பில் எள்ளளவு வெட்டு விழும். அதனை அற்பமென்று விடலாகாது. நிமிடத்துக்கு 2,000 முறைக்கு மேல் சுழலும்போது இழுவிசை அவ்வெட்டின் அடியிலேயே குவியும். வெடிப்புப் பிறந்து அலகு முறியவும் கூடும்.

பழுது பார்ப்போர் வெட்டை அடைப்பதில்லை. வியப்பு யாதெனில், உலோகத்தை மேலும் குறைப்பதே மருந்து! அரத்தால் இருபுறமும் தேய்த்துக் கூரிய பள்ளத்தை ஆழமற்ற வளைவாக்கி, உப்புத்தாளால் மெருகிடுவர். பள்ளம் அளவு மிஞ்சியதாயின் விசிறியையே மாற்றுவர்.

ஆதலின் தேர்ந்த விமானி கல்தரையில் நின்றபடியே எஞ்சினை முடுக்கான். விமானம் மெல்ல உருளத் தொடங்கிய பின்னரே விசையைக் கூட்டுவான்.